ஆட்டத்துக்குள் சொன்ன சொல்

மண்டபத்துக்குக் கிளம்பிய அன்று காலை முதலியார்பேட்டையில் என் ஸ்கூட்டர் பஞ்சர் ஆனது. கடைக்காரர் ட்யூபைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காய்வதற்காக வாயால் ஊதினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். ஒரு காலத்தில் உன் வீடு முழுக்க இந்த வாசனைதான் அடிக்கும். நம் ஊர் மேட்டுப்பாளையத்துக் கம்பெனி ஒன்றில் பார்சல் கட்டும் பிரிவில் வேலை உனக்கு. அங்கே கழித்துப்போடும் ஃபோம் துண்டுகளை மூட்டையாகக் கட்டி எடுத்து வந்து, வெட்டி ஒட்டிக் கத்திகள் செய்வாய். சோறு வைக்க வேண்டிய மேசையில் பத்துக் கத்திகள் காய்ந்துகொண்டிருக்கும். உன் அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்.

கத்திகளை எல்லாம் எனக்காகவா செய்தாய்? ஊரில் போர்டு கேம், கார்டு கேம் ஆடுகிற இருபது முப்பது பேர் சேர்ந்து ஒரு கேமிங் கன்வென்ஷன் தொடங்கினோமே, அதற்காக. அழைப்பிதழில் "விளையாட்டு மாநாடு" என்று போட்டிருந்தேன். நீ படித்துவிட்டு, "மாநாடுன்னா கட்அவுட் வேணும்டி, யாரோடது வைக்கிறது, உன்னோடதா?" என்றாய். கல்யாண மண்டபம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். மேலே மணமேடைப் பக்கம் பலகை ஆட்டங்கள், கீழே சாப்பாட்டுக் கூடத்தில் உன் லார்ப். வேடம் கட்டிக்கொண்டு, எழுதிவைத்த வசனம் இல்லாமல், பார்க்க ஆளும் இல்லாமல் ஆடுகிற நாடகம் அது என்று நீ எல்லோருக்கும் விளக்கினாய். மண்டப மேனேஜருக்கு மட்டும் கடைசிவரை விளங்கவில்லை. "பாக்க ஆளே இல்லன்னா எதுக்கும்மா வேஷம்?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார்.

முதல் வருடம் பிரபுக்களும் வீரர்களுமாக ஒரு கதை. எல்லோரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டு பந்தி மேசைகளைச் சுற்றி ஓடினார்கள். இரண்டு நாற்காலி உடைந்தது. மேனேஜர் வந்து கத்திகளைப் பறிமுதல் செய்து, கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் சாத்திவைத்தார். அடுத்த வருடம், நம்மில் யாரும் பிரபுவைப் பார்த்ததில்லை, மீன் ஏலம் பார்த்திருக்கிறோம் என்று சொல்லி, ஏலத்தை ஆட்டமாக்கினாய். விதிகளை ஒரு மாதம் எழுதினாய். ஆட வந்தவர்களில் ஒருத்தி மெய்யாகவே மீன் வியாபாரக் குடும்பத்துப் பெண். பத்தே நிமிடத்தில் எல்லா மீனையும் அவளே எடுத்துவிட்டு, "அடுத்து?" என்று இடுப்பில் கைவைத்து நின்றாள். இரண்டு மணி நேர ஆட்டம் அத்தோடு முடிந்தது. நீ தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது.

இத்தனை ஆட்டத்திலும் நான் ஒப்புக்குச் சப்பாணிதான். டீக்கடைக்காரி, காவல்காரி, மணியடிக்கிற பியூன். எனக்குப் பெரிய வேடம் வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன். கதிர்காமத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் நான். வருகிறவர்களிடம் கையை நீட்டச் சொல்வேன், அதற்கு மேல் பேச்சு வராது. உனக்கு அது தெரியும். "நீ பேச ஆரம்பிச்சா ஊரே கேக்கும், ஆனா ஆரம்பிக்க மாட்ட" என்பாய்.

மூன்றாம் வருடம்தான் "ஆறு மாசம்" பிறந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் எழுதிக் கொடுக்க நம் ஊருக்கு ஆறு மாதம் கெடு கொடுத்தார்களே, அதுதான் கதை. அரை மணிக்கு ஒரு மாதம், மூன்று மணி நேரத்தில் ஆறு மாதம். ஒரு மேசை, ஓர் அதிகாரி, ஒரு கட்டுப் படிவம். மாதம் முடிந்தால் மணியடிப்பேன். உன் வீட்டுப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்தவர்கள். என் தாத்தா நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தே கெடுவைக் கோட்டைவிட்டவர். அதனால் ஒரு சட்டம் போட்டாய். எழுதிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் கொடுக்காதவர்களாக ஆட வேண்டும்; கொடுக்காத வீட்டார் கொடுத்தவர்களாக. "சொந்தக் கதைய ஆடச் சொன்னா ஆட மாட்டீங்க, பங்காளிச் சண்டை போடுவீங்க." இரண்டாவது சட்டம், ஆட்டத்தில் பேசினது ஆட்டத்தோடு போகும், வெளியே வந்து யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

ஆட்டம் பிடித்துப்போனது. வெளியூரிலிருந்தெல்லாம் வந்து ஆடினார்கள். ஆனால் வருடா வருடம் அதே தப்புதான். டீக்கடையில் நின்று பேசியே ஐந்து மாதத்தைக் கழித்துவிட்டு, கடைசி மணிக்கு எல்லோரும் மேசைக்கு ஓடுவார்கள். அதிகாரி படிவத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். அவர்கள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் தாத்தா ஞாபகம் வரும்.

நீ இங்கே இருந்து ஆடிய கடைசி வருடத்தை எடுத்துக்கொள்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மடலே. அக்கா வேடம் போட வேண்டியவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி, மணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவன் தாளைக் கொடுத்தாய். ஆணுக்கு ஏன் அக்கா வேடம் என்றுகூட நான் யோசிக்கவில்லை பார். தாளில் நாலே வரி. "நீ எழுதிக் கொடுத்துவிட்டுப் போகப்போகிற அக்கா. உன் தங்கை தயங்குகிறாள். அங்கே தாயில்லாத ஒரு குழந்தை இருக்கிறது, அதற்கு உன் தங்கை வேண்டும். அவளைக் கையெழுத்துப் போட வை."

தங்கை நீ. உன் தம்பி மனைவி பிரான்சில் இறந்து அப்போது நாலு மாதம்கூட ஆகவில்லை. அவனுக்கு ஒன்பது வயதில் ஒரு பெண் இருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை. முதல் முதலாகப் பெரிய வேடம் கிடைத்த பதற்றத்தில் மண்டு மாதிரி இருந்தேன்.

ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது நீ என்னிடம் கேட்டாய்:

"இங்க எனக்கு எல்லாம் இருக்குது. அங்க போனா நான் யாரு?"

எனக்கு எங்கிருந்துதான் பேச்சு வந்ததோ. "உனக்காக ஒரு பிள்ள காத்திருக்குது. நீ யாருன்னு அது சொல்லும். நாங்க எங்கயும் ஓடிடப் போறதில்ல. போ."

சுற்றி ஆடிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நீ மேசைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாய். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று சாயங்காலம் கடற்கரையில் உனக்கு நான் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன், என் நடிப்பைக் கொண்டாட.

மூன்று வாரம் கழித்து, தம்பியிடம் போகிறேன் என்றாய். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாய். பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததால் பிரெஞ்சு பாஸ்போர்ட் உனக்குப் பிறவியிலேயே உண்டு, டிக்கெட்தான் பாக்கி. எனக்கு "போகாதே" என்று தொண்டை வரை வந்தது. "நல்லதுதான்" என்று வெளியே வந்தது.

போய் இரண்டு மாதம் கழித்து ஃபோனில் உண்மையைச் சொன்னாய். காய்ச்சல் யாருக்கும் இல்லை. அப்படி ஒருவனையே நீ கூப்பிடவில்லை. "வெளிய வச்சிக் கேட்டிருந்தா நீ போகாதன்னுதான் சொல்லியிருப்ப. நானும் போயிருக்க மாட்டேன். அதான் உள்ள வச்சிக் கேட்டேன்."

ஃபோனை வைத்துவிட்டேன். ஒரு மாதம் எடுக்கவில்லை. என் வாயாலேயே என்னிடமிருந்து உன்னைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாயே என்று அவ்வளவு ஆத்திரம். நீயோ சளைக்காமல் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாய். அங்கே முருங்கைக்காய் விற்கிற விலையைச் சொல்லித் திட்டினாய். ரசத்தைச் சூப் என்று நினைத்துத் தம்பியின் நண்பர் கரண்டியால் குடித்ததைச் சொன்னாய். ஒருநாள் படம் ஒன்று வந்தது. அந்தப் பெண் ஃபோம் கத்தியோடு சோபாமேல் நிற்கிறாள், கீழே உன் தம்பி செத்துக் கிடக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எப்படிக் கோபமாக இருப்பது?

அதன்பிறகு எட்டு வருடம் ஃபோனிலேயே ஆட்டத்தை நடத்தினாய். டீக்கடைப் பாட்டில்மேல் உன்னைச் சாய்த்துவைப்போம். விதியை யாராவது மீறினால் பாட்டிலிலிருந்து குரல் வரும். போன குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பத்து நாளில் முடிந்துவிட்டது. எனக்கு விசா கிடைப்பதற்குள் அடக்கம் ஆகிவிட்டது. நான் இங்கே மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். போ என்று சொன்னவள் நான்தானே, அதனால்தானே இவ்வளவு தூரத்தில் போய் மண்ணில் கிடக்கிறாய் என்று எத்தனை நாள் நினைத்தேன் தெரியுமா.

இந்த வருடம் உன் தம்பி மகள் எலீஸ் வந்தாள். பஞ்சர் ஒட்டி நான் போய்ச் சேர்வதற்குள் மண்டபத்தில் மேனேஜருக்கு லார்ப் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தாள், அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். பதினெட்டு வயதாகிறது. பேசுகிற தமிழ் அப்படியே உன்னுடையது. "வந்துட்டேன்" என்று இழுப்பதுகூட. எழுதிக் கொடுத்த வீட்டுப் பிள்ளை என்பதால், கையெழுத்துப் போட நேரமில்லை என்று கூடையோடு அலைகிற மீன்காரி வேடம் அவளுக்கு. அவளும் அசராமல் ஆடினாள். நடத்தியது நான். ஆமாம், நானேதான். மூன்று மணி நேரம் பேசினேன்.

முடிந்து எல்லோரும் போன பிறகு, படிவங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள், அத்தையைப் போகச் சொன்ன ஒரே ஆள் நீங்கள்தானாமே, மற்றவர்கள் எல்லாம் பார்த்துச் செய் என்றார்களாம் என்று. நான் சொல்லவில்லை, அது வேடம் என்றேன். வெளியே நின்றிருந்தால் போகாதே என்றுதான் சொல்லியிருப்பேன் என்று அந்தப் பெண்ணிடமே சொல்லிவிட்டேன். அவளைப் பார்த்து அதைச் சொல்வது எவ்வளவு தப்பு என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"அத்தைக்குத் தெரியும். கையெழுத்துப் போடப் போனப்ப நீங்க பேனாவ நீட்டினீங்களாம், ஆனா விடவே இல்லியாம். ரெண்டு தடவ இழுத்துதான் அத்தை வாங்கிச்சாம். அத சொல்லிச் சொல்லி அழுவும், சிரிக்கும்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. எத்தனை யோசித்தும் வரவில்லை. அப்படியானால் நான் சொல்லாததும் உனக்குக் கேட்டிருக்கிறது. கேட்டும் போயிருக்கிறாய். என் பேச்சு உன்னைத் தள்ளிவிடவில்லை, நீயாகத்தான் போனாய், இந்தப் பெண்ணுக்காக. ஒன்பது வருடமாகச் சுமந்த பாரத்தை அங்கேயே மண்டபத்துத் தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். எலீஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என்னிடம் மிச்சமிருப்பது உன்மேல் உள்ள பிரியம் மட்டும்தான். அது இருக்கட்டும், குறையாது.

மறுநாள் சென்னைக்குப் போய் விமானம் ஏற வேண்டும் என்றாள். டாக்சிக்குச் சொல்ல ஃபோனை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து, "போகாத. இன்னும் ஒரு வாரம் எங்கூட இருந்துட்டுப் போ" என்றேன்.

ஆட்டம் முடிந்து அப்போது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.