சூனியத் தொடை பற்றி நான் செய்த முறைப்பாட்டை மீளப் பெறுதல்

அனுப்புனர்:
திருமதி மில்ரன் பெற்றிசியா,
கடற்கரை வீதி, பேசாலை,
மன்னார்.

பெறுநர்:
இணைப்பு அதிகாரி,
கரையோர உயர்கல்வி இணைப்புக் கந்தோர்,
மன்னார்.

விடயம்: நற்கரை கிறிஸ்தவக் கல்லூரியின் ‘அறிமுக முடிவுள்ள கணிதம்’ வகுப்புக்கு எதிராக 11.03.2025 அன்று நான் செய்த முறைப்பாட்டை மீளப் பெறுவதும், நிறுத்தப்பட்ட வகுப்பை மீண்டும் நடத்துமாறு கோருவதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி முறைப்பாட்டை எழுதியவள் நானே. இம்மனு அதற்கு எதிரானது. ஆகவே இவ்விடயத்தில் முறைப்பாட்டுக்காரியும் எதிராளியும் ஒரே ஆள் என்பதை முதலில் கவனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறேன். கோவை வைப்பவருக்கு இதனால் ஏற்படும் குழப்பத்துக்கு வருந்துகிறேன்.

2. நான் பேசாலையில் நண்டு பதனிடும் நிலையமொன்றில் தரம் பிரிக்கும் வேலை செய்பவள். என் ஒரே மகள் டினோஜா தோட்டவெளியிலுள்ள மேற்படி கல்லூரியில் இப்பாடத்தைப் படிக்கிறாள். இதில் சித்தியடைந்தால் மட்டுமே கணினி டிப்ளோமாவில் அவளுக்கென ஒதுக்கிய இடம் உறுதியாகும். பரீட்சை எதிர்வரும் 26ஆம் திகதி. பாடத்தின் பெயரைக் கேட்டபோது, முடிவுள்ளது என்றபடியால் கெதியில் முடிந்துவிடும் என்று எண்ணி நானும் சம்மதித்தேன்.

3. நடந்தது இதுதான். மார்ச் 8ஆம் திகதி பின்னேரம் செபமாலை முடிந்து நான் குசினியில் நின்றேன். மகள் முன்னறையில் தன்னுடன் படிக்கும் ரிஸ்னா என்ற பிள்ளையுடன் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். “சூனியத் தொடை எல்லாத் தொடைக்குள்ளையும் இருக்கெண்டு சேர் சொன்னவர். சோதினைக்கு அது கட்டாயம் வரும்” என்று அவள் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. ஐயா, அப்போது எனக்கு வலது தொடையில் மூன்று கிழமையாகக் குத்து. எண்ணெய் போட்டும் நிற்கவில்லை. சூனியத்துக்கும் தொடைக்கும் இருக்கும் சம்பந்தத்தை நான் வேறு எப்படி விளங்கிக்கொள்வது? நான் ஏழாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவள். கணக்கில் தொடை என்றொரு பாடம் இருப்பது என் காதுக்கு எட்டுமுன்னரே எங்கள் பள்ளிக்கூடம் மூடப்பட்டுவிட்டது.

4. மறுநாள் அவள் பூசைக்குப் போன நேரம் கொப்பியைத் திறந்தேன். பெட்டிக்குள் இரண்டு வட்டம், ஒன்றையொன்று கடித்தபடி. நடுவில் கறுப்பாகக் கீறல். இன்னொரு பக்கத்தில் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட அடையாளம். அதற்கடுத்த பக்கங்களில் வரிசை வரிசையாக இலக்கங்கள், இரண்டு பக்கமும் வளைகோடு, தலைப்பில் ‘தாயம்’ என்ற எழுத்து. தவக்காலத்தில் தாயம் விளையாடுவது ஒரு புறம் இருக்க, அந்த இலக்கக் கட்டங்கள் செய்வினைத் தகட்டில் வெட்டுவதைப் போலவே இருந்தன. நான் நான்கு பக்கத்தைக் கிழித்தேன். தங்களுக்கு ‘ஆதாரம்’ என்று இணைத்து அனுப்பியவை அவைதான்.

5. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அதில் பெண்களைச் சேர்க்கவில்லை என்றாலும் எனக்கு அது அளவாகப் பொருந்தும். கிறிஸ்தவக் கல்லூரியில் சூனியம் படிப்பிக்கப்படுகிறது என்று எழுதியதோடு நில்லாமல், முறைப்பாட்டின் பிரதியைச் சந்தையிலும் கோயில் வாசலிலும் காட்டினேன். விரிவுரையாளர் திரு. மஹ்மூது றிஸ்லான் அவர்களின் மதத்தை நான் எழுதவில்லை. பெயரை எழுதினேன். பெயரே போதுமாயிற்று. ஒரு கிழமைக்குள் அவரைச் சந்தியில் மறித்து, தகடு எங்கே புதைத்தாய் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை வகுப்பை நிறுத்துமாறு தங்கள் கந்தோரிலிருந்து 17ஆம் திகதி கடிதம் போனது. இருபத்திரண்டு பிள்ளைகள் வீட்டிலிருக்கிறார்கள்.

6. என் மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் கிழிந்த கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, “அம்மா, இதில எது சூனியமெண்டு காட்டுங்கோ” என்று மட்டும் கேட்டாள். நான் கொப்பியை முன்னும் பின்னுமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். அன்றிலிருந்து அவள் என்னுடன் பேசுவதில்லை.

7. எனக்கு அந்தக் கேள்வி மண்டைக்குள் கிடந்து குடைந்தது. எது சூனியம் என்று கண்ணால் பார்த்துவிடுவோம் என்று 27ஆம் திகதி அரை நாள் லீவு எடுத்து, பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனேன். வகுப்பைத் தொடங்கச் சொல்லும் கடிதம் எந்த நேரமும் வரலாம் என்று திரு. றிஸ்லான் வெறும் வகுப்பறையில் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறார் என அங்கே அறிந்தேன். நான் யார் என்று சொன்னேன். அவர் எழும்பி எனக்கொரு கதிரை இழுத்துப் போட்டார். “சூனியம் எங்களுக்கும் ஹறாம்தானே அம்மா. இருங்கோ, கேளுங்கோ” என்றார். காவலாளி கொண்டுவந்த தேத்தண்ணியை நான் குடித்து முடித்த பிறகுதான் அவர் நோன்பு என்பது நினைவுக்கு வந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

8. என் வேலை என்ன என்று கேட்டார். பெரிய நண்டு ஒரு கூடை, சின்னது ஒரு கூடை, கால் முறிந்தது ஒரு கூடை, கடலில் திரும்ப விடுகிற சினை நண்டுக்கு ஒரு கூடை என்று சொன்னேன். அப்படி ஒரு தன்மையில் சேர்த்து வைப்பதைத்தான் கணக்கில் தொடை என்கிறார்களாம். மாலையைத் தொடுப்பது போன்ற தொடை, காலில் உள்ளதல்ல. “சினை நண்டு ஒண்டும் வராத நாளில அந்தக் கூடையை எறிஞ்சு போடுவீங்களோ?” என்று கேட்டார். “ஏன் எறியிறது? பேர்த்துண்டு ஒட்டினபடி வெறுங்கூடையா இருக்கும்” என்றேன். “அதுதான் அம்மா சூனியத் தொடை” என்றார். வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்டது அதன் அடையாளமாம். ஒன்றையொன்று கடித்த வட்டங்கள் இரண்டு கூடைகள். கறுப்பாகக் கீறியது பெரியதாகவும் கால் முறிந்ததாகவும் உள்ள நண்டுகள், எந்தக் கூடைக்கென்று நாங்கள் தினமும் சண்டை பிடிக்கிறவை. கணக்கில் தாயம் என்பது எந்த மீன்வாடியிலிருந்து எந்தத் தரம் எத்தனை வந்தது என்று நிலையச் சுவரில் நாங்கள் எழுதுகிற கட்டம்தான். நான் பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். என்னையும் ஒருவர் சூனியக்காரி என்று எழுதிப் போட்டிருக்கலாம்.

9. இரண்டு மணித்தியாலம் அங்கே இருந்தேன். இன்னும் சில விடயங்கள் எனக்கு விளங்கவில்லை. ஒன்றுமில்லாததற்கும் செய்வினைக்கும் ஏன் ஒரே சொல்லை வைத்தார்கள்? ஐந்து பேர் ஒரு வாங்கில் நூற்றிருபது விதமாக வரிசை மாறி உட்காரலாமாம். எங்கள் கோயிலில் நாற்பது வருடமாக அதே ஐவர் ஒரே விதமாக இருப்பதேன்? வெறுங்கூடை எல்லாக் கூடைக்குள்ளும் இருப்பது எப்படி? கடைசிக் கேள்விக்கு அவர் மறுமொழி தொடங்குகையில் என் பஸ் வந்துவிட்டது. அன்றிலிருந்து நண்டுக் கூடைகளைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருக்கிறேன். தங்களுக்குத் தெரிந்தால் அறியத் தரவும். என் தொடைக் குத்து, ஈரச் சீமெந்தில் நாள் முழுக்க நிற்பதால் வந்த நரம்புப் பிடிப்பு என்று வைத்தியர் எழுதித் தந்துள்ளார். துண்டு இணைக்கப்பட்டுள்ளது.

10. ஆகையால் ஐயா,

(அ) எனது முறைப்பாட்டை முழுவதுமாக நீக்கிவிடவும். பாதி உண்மை, பாதி பொய் என்று வைக்க வேண்டாம். அது முழுக்கப் பிழை.

(ஆ) திரு. றிஸ்லான் மீது குற்றம் எதுவுமில்லை என எழுத்தில் தரவும். வாயால் சொன்னால் எங்கள் ஊரில் எடுபடாது.

(இ) நான் கிழித்த நான்கு பக்கங்களையும் திருப்பித் தரவும். அவற்றிலுள்ள பாடம் பரீட்சைக்கு வருகிறது.

(ஈ) வகுப்பைத் தாமதமின்றித் தொடங்க அனுமதிக்கவும். புத்தாண்டும் பெரிய வெள்ளியும் போனால் மிஞ்சுவது ஒன்பது வகுப்பு. விசாரணை வேண்டுமென்றால் என்னை எந்த நாளும் கூப்பிடலாம். அதற்காகப் பிள்ளைகள் காத்திருக்கத் தேவையில்லை.

11. முதல் முறைப்பாட்டை எங்கெங்கே காட்டினேனோ, அந்தச் சந்தையிலும் கோயில் வாசலிலும் இம்மனுவில் மேலுள்ள பத்துப் பந்திகளின் பிரதியை இன்று விடியக் காலை என் கையால் ஒட்டினேன். வாசித்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சந்தியில் அவரை மறித்தவர்களில் ஒருவன் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனான். என் பிழையை ஊருக்குச் சொல்ல எனக்குத் தங்கள் அனுமதி தேவைப்படவில்லை. என் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பத்தான் தேவைப்படுகிறது. அதைத் தந்துவிடுங்கள் ஐயா.

இடம்: பேசாலை
திகதி: 02.04.2025

இப்படிக்கு,
முன்னைய முறைப்பாட்டையும் இம்மனுவையும் எழுதிய,
மி. பெற்றிசியா
(ஒப்பம்)

பிரதி: திரு. மஹ்மூது றிஸ்லான், விரிவுரையாளர் — தபாலில் அல்ல, நேரில் கொடுக்கப்படும்.