ஏரியலை உள்ளே தள்ளாத மதியம்

இன்று காலை கேபிள்காரர் எங்கள் மதிலில் ஏறி, பழைய இணைப்பின் கறுப்பு டேப்பை உரித்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பிசின் வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம். போய்ச்சேர்ந்து மூன்று மாதமானவனுக்கு மடல் எழுதுகிறேன். கிறுக்கன் என்பாய். சொல்லிக்கொள்.

எண்பதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் நாம் இருவரும் சேர்ந்து கேபிள் நடத்தினோம். உப்புக்காற்றில் வயர் இணைப்புகள் பச்சை பூத்து, எங்காவது சிக்னல் ஒழுகும். அது குறுக்கிட்டு, ஆன்டெனா வைத்த வீடுகளில் படத்தில் கோடு விழும். சண்டைக்கு வருவார்கள். ஒழுகலைக் கண்டுபிடிக்கும் மீட்டருக்கு நாம் எங்கே போவது? நீதான் வழி கண்டாய். இழுத்து நீட்டும் ஏரியல் கம்பி வைத்த சின்ன டிவி ஒன்றை பைக் பேட்டரியில் ஓடவிட்டு, கழுத்தில் மாட்டிக்கொண்டு, வயருக்கு அடியிலேயே நடப்பாய். சுவாமி புறப்பாடு வருகிறது என்று கேலி செய்வேன்.

“ஏரியலை இழுத்து வெச்சா எல்லா எடத்துலயும் நம்ம கேபிள் படம் வரும்டா. முழுக்க உள்ள தள்ளு. அப்பவும் வந்தாத்தான் லீக்கு அங்க. வெறுதே ஆளை சம்சயிக்கப்படாது” என்பாய்.

அந்த மழைக்கால மதியம் நான் தனியாகப் போனேன். உன் தங்கை வீட்டு வாசலில் படம் பளிச்சென்று வந்தது. அவளுக்கு நாம் இணைப்பு கொடுத்திருக்கவில்லை. எனக்குத் தெரியாமல் நீ காசில்லாமல் வயர் இழுத்துக் கொடுத்துவிட்டாய் என்று முடிவுகட்டி, தெருவே பார்க்க உன்னைக் கள்ளன் என்றேன்.

“ஏரியலை உள்ள தள்ளிப் பாத்தியாடா?” என்று மட்டும் கேட்டாய்.

“பாத்தேன்” என்றேன். பார்க்கவில்லை.

மறுநாளே நீ எர்ணாகுளத்தில் ஒரு ரிப்பேர் கடைக்கு வேலைக்குப் போய்விட்டாய். நீ போயும் கோடு நிற்கவில்லை. ஏரியலை உள்ளே தள்ளிக்கொண்டு மறுபடி நடந்தேன். தங்கை வாசலில் வெறும் புள்ளிகள். நாலு வீடு தள்ளி, கூரையோரத்தில் படம் வந்தது. அங்கே இருந்தது நான் அரைகுறையாக டேப் சுற்றிய இணைப்பு. ஐந்து நிமிடத்தில் சரிசெய்தேன். உன்னிடம் வந்து சொல்ல முப்பது வருடத்துக்கு மேல் இருந்தது. வெட்கம், வரவில்லை.

உன் காரியத்துக்கு வந்தேன். உன் மனைவி அந்தச் சண்டைக்குப் பிறகு வாழ்க்கைப்பட்டவள், ஊர்ப்பேச்சு மட்டும் அறிந்தவள். சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: “தங்கை மேல உள்ள பாசத்துல அவர் அன்னைக்கு அப்படிச் செஞ்சுட்டார். நீங்கோ க்ஷமிக்கணும்.”

“பரவால்ல, விடுங்கோ” என்று சொல்லிவிட்டு, சாயாவைக் குடித்து முடித்தேன்.

அந்தப் ‘பரவால்ல’ இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. உனக்கு எழுத வந்துவிட்டது. அவளுக்கு எழுதத்தான் கை வரவில்லை.