அப்பாவின் “அடைச்சாச்சு”

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று போன வாரம் என் கையெழுத்தில் படித்திருப்பாய். அது எழுதத் தெரியாத அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. இது அவர் தூங்கிய பிறகு குளியலறையில் தாழ் போட்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து நானாக எழுதுவது. குறட்டை நின்றால் பேனாவும் நின்றுவிடுகிறது, எழுத்து கோணினால் திட்டாதே.

ஒவ்வொரு கடிதத்திலும் கடனை அடைத்தாயிற்று என்று ஒரு வரி வருமே, அதில் அப்பா பொய் சொல்லவில்லை. பால்காரரிடம் வாங்கியதை எலக்ட்ரீஷியன் மாமாவிடம் வாங்கி அடைத்தார், மாமாவிடம் வாங்கியதைத் தையற்கடைக்காரரிடம் வாங்கி அடைத்தார். அவர் பேச்சில் அடைப்பது என்றால் வாசலில் வந்து கத்துகிற ஆளை மாற்றுவது, அவ்வளவுதான். அடைத்த அன்று இஸ்திரி போட்ட சட்டையில் பால்காரர் வீட்டு வழியாக இரண்டு தடவை போய் வந்தார். நீ அனுப்பிய பணத்தில் ஒரு பழைய மோட்டார் பைக் வாங்கியிருக்கிறார். எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, “நடந்து போய்க் கேட்டா எவன்டி கடன் குடுப்பான்” என்றார்.

இப்போது மாற்ற ஆள் தீர்ந்துவிட்டது. நேற்று தையற்கடைக்காரர் வந்து, “பாப்பாவைக் கடைக்கு அனுப்புங்க, பட்டன் தைக்கட்டும், ரெண்டு வருஷத்துல கடன் நேராயிடும்” என்றார். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்து, “பாத்தியா, அடைச்சாச்சு” என்றார். திங்கட்கிழமை முதல் நான் பள்ளிக்கு வரமாட்டேன் என்று தலைமையாசிரியைக்கு ஒரு கடிதமும் சொன்னார். நான்தான் எழுதினேன் அண்ணா. கையெழுத்து முத்து மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார். எனக்குப் பயமாக இருக்கிறது. இனிப் பணத்தை அப்பாவுக்கு அனுப்பாதே, தையற்கடைக்கே அனுப்பு. முகவரி பின்பக்கம் இருக்கிறது.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அம்மாதான். முழுவதும் படித்துக் காட்டச் சொன்னாள். நான் அழுதேன், அவள் அழவில்லை. கீழே உள்ளது அம்மா சொன்னது, சொன்னபடியே எழுதுகிறேன்.

பெரியவனே, நல்லா இரு, நூறு வயசு இரு. நேரத்துக்குச் சாப்பிடு. டீச்சருக்கு எழுதின லெட்டரை அடுப்புல போட்டுட்டேன். திங்கட்கிழமை இவ பள்ளிக்கூடம் போவா, பட்டன் தைக்க நான் போறேன். பணம் எங்க அனுப்பணும்னு மறந்துடாத. இனிமே உங்கப்பா லெட்டர் எழுதக் கூப்பிட்டா இவளுக்குக் கை வலிக்கும்.

இப்படிக்கு,
அம்மா
(எழுதியவள் தங்கை, கை இன்னும் வலிக்கவில்லை)