செம்பருத்தி வராத கவர்

குலசேகரம்
3-2-1954

தங்கபாயின் அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம் பிறகு சொல்கிறேன். மகள், நான் அவளுக்கு எழுதி அனுப்பிய சீட்டைத் தானே வாசித்து, "அப்பா முத்தம் அனுப்பியிருக்காவ" என்றாள் என எழுதியிருக்கிறாய். அதில் முத்தமே இல்லை. ‘ஒரு செம்பருத்தி இதழைக் கவரில் வை’ என்றுதான் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். நீ அனுப்பிய கவரை உதறிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

சபையில் அவள் சங்கீதம் வாசித்த அன்றே எனக்குச் சந்தேகம். விரல் மூன்றாம் வசனத்தில் நிற்க, வாய் ஆறாம் வசனத்தை முடித்துவிட்டது. "எங்க பிள்ளைக்க வாசிப்பைக் கேட்டியளா?" என்று நீ பெருமை பேசினாய். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமிட்டுக் கூட்டப் பழக்கியதை, "திக்குவாய்க்காரி மாதிரியில்லா இருக்கு" என்று நிறுத்தியதும் நீதான். மின்கம்பி இழுக்கிறவன் நான். விளக்கு எரிந்தால்தான் வேலை முடிந்தது என்பேன். ஜூனில் பள்ளிக்கூடத்தில் புதுப் பக்கத்தைத் திறந்தால் என்ன செய்வாள்?

இத்துடன் இன்னொரு சீட்டு இருக்கிறது. அவளே கூட்டி வாசிக்கட்டும். அரைநாள் ஆனாலும் நீ வாயைத் திறக்காதே. தப்பாக வாசித்தால் அடிக்காதே.

நாலாம் வகுப்பு வரை நானும் வாசிப்பதுபோல் நடித்தவன்தான். என் அம்மாவும் ஊரெல்லாம் பெருமை பேசினாள்.

உன் கணவன்