அறிவிப்புப் பலகையில் முப்பது நாள்

4-2-1997, செவ்வாய்

காலையில் பனி. மலை தெரியவில்லை. சர்வர் அறையில் பத்தொன்பது டிகிரி, வெளியேயும் ஏறக்குறைய அதே. சால்வையோடு வேலை.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் பதிவு அலுவலகத்தில் கல்யாண நோட்டீஸ் கொடுத்தாயிற்று. மார்ட்டினும் நானும். இரண்டு கையெழுத்து. மாலை மதுரையில் அவனை ரயிலேற்றிவிட்டுத் திரும்பினேன். நான் சர்வர் பார்க்கும் ராஜபாளையம் நூற்பாலையில் இயந்திரம் நிறுவ சுவிட்சர்லாந்திலிருந்து வருகிறவன். மூன்று வருடத்தில் நான்காவது தடவை. இனி வந்தால் கல்யாணத்துக்கு. மார்ச் 7, வெள்ளி.

குமாஸ்தா, காதில் பேனா: "முப்பது நாள் போர்டுல கெடக்கும்மா. யாரும் தடை சொல்லலன்னா மூணு சாட்சியோட வாங்க. மாப்பிள்ள ஊருலயும் பாலுதான் விசேஷமாமே? பொறவென்ன, பால்கோவாவுக்குப் பழகிருவாரு." மார்ட்டின் புரியாமலே சிரித்தான்.

படிவத்தில் என் விலாசம். ராஜபாளையம், மகளிர் விடுதி என்று எழுதினேன். பொய் இல்லை. நாலு வருடமாக அங்கேதான். அப்பா, அம்மா இருக்கும் வீடு அந்த அலுவலகத்திலிருந்து பதினைந்து நிமிட நடை, மடவார் வளாகத்தில். அதை எழுதினால் விசாரிக்க யாராவது வீட்டுக்குப் போய்விடுவார்களோ என்று பயம்.

அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும்.

அப்பா ஓய்வுபெற்ற ஹவில்தார். கோயில், ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு, எங்கே அறிவிப்புப் பலகை இருந்தாலும் நின்று கடைசி வரி வரை படிப்பார். பழைய சிப்பாய்களுக்கு மனு எழுதிக் கொடுக்க மாதம் இரண்டு முறை அந்த அலுவலகப் பக்கம் போவார்.

முப்பது நாள். இன்று ஒன்று.

7-2, வெள்ளி

மின்சாரம் மூன்று முறை போய் வந்தது. யு.பி.எஸ். தாங்கியது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

சர்வர் பற்றி எனக்கே:

- கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி ஒட்டாதே. (நூல் கிடங்கில் ஒட்டியிருந்தார்கள். கிழித்தேன்.)
- ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.
- நிறுத்துமுன் சொல். எல்லோருக்கும், எழுத்தில்.
- நகல் எடுத்த டேப்பை சர்வர் மேலேயே வைக்காதே. தீப்பிடித்தால் இரண்டும் போகும்.

மோடம் பகல் பதினொன்றுக்கு ஒரு முறை, நாலு மணிக்கு ஒரு முறை மதுரைக்கு அழைத்து மின்னஞ்சல் கடிதங்களை வாங்கி வரும். நாலு மணிக்கு மார்ட்டின். டிக்கெட் போட்டாயிற்று. அவன் அம்மாவும் வருகிறாள். பத்து நாள் விடுப்பு, அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. அவனுக்கு வேறு மணமில்லை என்ற சான்றிதழ், அசல், கூரியரில் வருகிறது. நகல் செல்லாது என்று குமாஸ்தா சொல்லியிருந்தார்.

சாட்சி மூன்று பேர். இரண்டு பேர் சரி. மூன்றாவது இடம் காலி. யாருக்காக வைத்திருக்கிறேன் என்று எழுத வேண்டியதில்லை.

9-2, ஞாயிறு

வீடு. அவியல், அப்பளம்.

"என்னட்டி, விடுதியில சோறு போடுதாங்களா இல்லையா? எலும்பா வந்து நிக்க," அம்மா.

அப்பா கோயில் பலகையில் படித்ததை ஒப்பித்தார். தெப்பக்குளம் தூர் வாருகிறார்கள், உபயதாரர் பெயர் ஒன்பது. ஒன்பதையும் சொன்னார்.

சொல்ல மூன்று சந்தர்ப்பம் வந்தது. சாப்பிடும்போது. அம்மா துணி மடிக்கும்போது. அப்பா பஸ் வரை கூட வந்தபோது. பஸ் ஸ்டாண்டு பலகை முன் அப்பா நின்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சங்கரன்கோவில் வண்டி நேரம் மாறியிருக்கிறதாம்.

பஸ் வந்தது. ஏறினேன்.

12-2, புதன்

அரை நாள் விடுப்பு. பலகையைப் பார்க்கப் போனேன். கம்பி வலை போட்ட கதவு, சின்னப் பூட்டு. எங்கள் நோட்டீஸைக் காணோம் என்று பதறினேன். இருக்கிறது. அதன் மேல் ஒரு நில ஏல அறிவிப்பைக் குத்தியிருக்கிறார்கள். என் பெயர் முழுதும் மறைந்து, கீழே விடுதி என்ற சொல் மட்டும் வெளியே.

நிம்மதி. உடனே அந்த நிம்மதி மேல் வெறுப்பு. குமாஸ்தாவிடம் சொல்ல வேண்டும். மறைந்து கிடந்தால் நாளைக்கு அதுவே தகராறாகலாம். சொல்லவில்லை.

ஆலையில் நான் ஒட்டிய அறிவிப்பு: சனிக்கிழமை காலை எட்டு முதல் சர்வர் நிறுத்தப்படும், வட்டு மாற்றம். பதிவுகள் இருக்கும் வட்டு ஒரு வாரமாகக் கரகரக்கிறது. டெஸ்பாட்ச் பிரிவு லட்சுமி அக்கா நின்று படித்தாள்.

"மூணு நாளைக்கு முன்னாலயே ஒட்டிட்ட. கல்யாணப் பத்திரிகை மாதிரில்ல இருக்கு. சாப்பாடு உண்டா?"

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

15-2, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

புது வட்டைப் பொருத்தினேன். டேப்பிலிருந்து எல்லாவற்றையும் அதற்கு ஏற்றினேன். ஏறியது. வருகைப் பதிவேடு மட்டும் இல்லை. மூன்று மாதம், தொழிலாளிகள் அத்தனை பேரும்.

டேப் தினமும் ஓடி முடிந்ததும் சர்வர் ஒரு குறிப்பு எழுதி வைக்கும். கடைசி வரி: வெற்றி. தினமும் அதைப் பார்த்து டிக் போட்டிருக்கிறேன். இன்று மேலே உள்ள வரிகளையும் படித்தேன். வருகைப் பதிவேடு திறந்திருந்ததால் விட்டுவிட்டேன் என்று தினமும் எழுதியிருக்கிறது. மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

பழைய வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, மேசை விசிறியை அதன் மேல் திருப்பி வைத்து, ஒவ்வொரு கோப்பாக நகலெடுத்தேன். கரகரப்பு நிற்கும்போதெல்லாம் என் மூச்சும் நின்றது. மாலை ஆறுக்கு முழுதும் வந்துவிட்டது. அதற்குப் பின் வட்டு சுற்றவில்லை.

மானேஜர்: "ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" இருந்தது, சரியாகிவிட்டது என்றேன். எழுதியும் கொடுத்தேன்.

குறிப்பு: எடுத்து வைத்ததைத் திரும்ப ஏற்றிப் பார்க்காத வரை எதுவும் எடுத்து வைக்கப்படவில்லை.

நாளை வீட்டில் சொல்கிறேன். இதை எழுதிவிட்டதால் மாற முடியாது.

16-2, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். பெயர், ஊர், மூன்று வருடம், நோட்டீஸ், மார்ச் 7. விடுதி விலாசத்தை மட்டும் சொல்லவில்லை. மறந்ததா, விட்டதா.

அம்மா: "ஏட்டி, வெள்ளக்காரனா? என்ன சோறு திம்பான் அவன்?" பிறகு அடுப்படிக்குப் போய் அழுதாள். திரும்பி வந்து, "அவிய அம்மா இருக்காளா?" என்றாள். இருக்கிறாள் என்றேன். "அவ என்ன சொல்லுதா?" வருகிறாள் என்றேன். மறுபடி அழுதாள்.

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்திருந்தார். ஒரே கேள்வி.

"எங்க ஒட்டியிருக்கு? வாசல் போர்டா, உள் போர்டா?"

"வாசல் போர்டு."

சட்டைக் கையைத் தேய்த்து முடித்தார். காலரை முடித்தார். மடித்து வைத்தார்.

17-2, திங்கள்

பதினொரு மணிக்கு ஆலைக்கு போன். குமாஸ்தா. "உங்கப்பா வந்திருக்காருமா. செத்த வந்துட்டுப் போங்க."

பஸ் முழுக்க ஒரே எண்ணம்: தடை மனு. அதற்கு என்ன காரணம் செல்லும், எது செல்லாது என்று மனப்பாடம். வயது சரி. வேறு மணம் இல்லை. செல்லாது, செல்லாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

அப்பா நேற்று இஸ்திரி போட்ட சட்டையில். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டு.

"எனக்குத் தடை ஒண்ணும் கெடையாது," அவர் குமாஸ்தாவிடம்தான் பேசினார், என்னிடம் அல்ல. "எம்மவ விலாசம் தப்பாப் போட்டிருக்கு. அதச் சொல்ல வந்தேன். எம்மவ வீடு மடவார் வளாகத்துல இருக்கு. இது ஏதோ விடுதி."

"சார், நோட்டீஸ்ல விலாசம் தப்புன்னா திருத்தி மறுபடி ஒட்டணும். அன்னையிலேர்ந்து மறுபடி முப்பது நாள்."

"ஒட்டுங்க."

குமாஸ்தா என்னைப் பார்த்தார். "ரெண்டும் செல்லும்மா. விடுதிதான் என் இருப்பிடம்னு நீங்க எழுதிக் கொடுத்தா இதுவே நிக்கும், உங்க தேதியும் நிக்கும். இல்ல வீடுதான்னா புதுசா ஆரம்பிக்கணும். புதன்கெழம சொல்லுங்க."

வெளியே வந்ததும் கேட்டேன். "மறுபடி முப்பது நாள்னா மார்ச் ஏழு போயிரும். தெரியும்லப்பா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் செஞ்சீங்களா? நிறுத்தணும்னா நேரா நிறுத்துங்க."

நடந்துகொண்டே பேசினார். "பதினேழு எடத்துல இருந்தேன். பனியில, மணல்ல. எல்லா ஃபாரத்துலயும் வீட்டு விலாசம்னு ஒரே விலாசந்தான் எழுதினேன். வருசத்துல பத்து மாசம் நான் அங்க இல்ல. எவனும் பொய்யுன்னு சொல்லல." சிறிது தூரம் போய், "ராஜபாளையம் பதினோரு கிலோமீட்டர்," என்றார்.

நின்று பால் வாங்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். என்னைக் கூப்பிடவில்லை. நான் பஸ்ஸுக்கு.

18-2, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. பனி முடிந்தது போல.

பதினொரு மணி மோடத்தில் மார்ட்டினுக்கு எல்லாம் எழுதினேன். என்ன செய்யட்டும் என்று கேட்கவில்லை. கேட்டால் முடிவு அவன் தலையில் விழும். நாளை என்ன சொன்னாலும் உனக்குத் தெரியவேண்டும் என்று மட்டும்.

விடுதி: அவன் வருகிறான், அவன் அம்மாவும் வருகிறாள், மார்ச் 7 நிற்கிறது. அப்பா வந்து சொன்னதை மறுத்து, அவருக்கு முன்னால் நான் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது சாட்சி நிரந்தரமாக இல்லை.

வீடு: தேதி போகிறது. விடுப்பு போகிறது. மறுபடி முப்பது நாளில் யார் என்ன செய்வார்கள், தெரியாது. அப்பா திட்டமிட்டே தள்ளுகிறாரா? தள்ளினால் உதிர்ந்துவிடும் என்று நினைக்கிறாரா? அதுவும் சாத்தியம். அவர் விதிகள் தெரிந்தவர்.

சனிக்கிழமை வட்டு ஞாபகம். பெயர், ஊர், தேதி எல்லாம் சொன்னேன். ஒன்றைத் தாண்டிவிட்டு, அடியில் வெற்றி என்று எழுதிக்கொண்டேன்.

நாலு மணி மோடம். பதில் இல்லை.

லட்சுமி அக்கா: "என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி இருக்க? சர்வர் மறுபடி படுத்துருச்சா?" இல்லை, ஓடுகிறது என்றேன்.

19-2, புதன்

பத்து மணிக்கு அலுவலகம். அப்பா எனக்கு முன்னால். பலகையில் ஏல அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார்.

"வீடுதான்," என்றேன் குமாஸ்தாவிடம். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

புதுப் படிவம். மடவார் வளாகம் என்று எழுதி, கதவு எண் எழுதினேன். பின்னாலிருந்து அப்பா: "அது பழசு. ரெண்டு வருசமாச்சு மாத்தி." புது எண்ணைச் சொன்னார். அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்து. ஞாயிறுதோறும் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போகிறேன்.

மறுபடி முப்பது நாள், மார்ச் 21 வரை.

குமாஸ்தா பூட்டைத் திறந்து, பழையபடி ஏல அறிவிப்பின் அடியில் செருகப் போனார்.

"மேல போடுங்க," அப்பா. "ஏலத்துக்கு அடியில எம்மவ பேரு கெடக்க வேண்டாம்."

"சார், அதுவும் சர்க்கார் நோட்டீஸ்தான்."

"அது ஓரமா நிக்கட்டும். நிலம் எங்கயும் ஓடிராது."

மேலே குத்தினார்கள். நாலு மூலையும். அப்பா பின்னால் நகர்ந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, முதல் வரியிலிருந்து படித்தார். மார்ட்டின் பெயரில் நின்றார். மெதுவாக எழுத்துக் கூட்டிச் சொல்லிப் பார்த்தார். பத்திரம் பதிய வந்த யாரோ ஒருவர் தோள் வழியே எட்டிப் பார்த்து, "யாரு, உம்ம மகளா?" என்றார்.

"ஆமா."

அவ்வளவுதான். சம்மதம் என்றோ, சாட்சிக்கு வருகிறேன் என்றோ ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை.

ஆலைக்கு வந்து மார்ட்டினுக்கு இரண்டு வரி. நாலு மணிக்குப் போனது. அப்பாவுக்காகச் செய்தேனா, பயத்திலா, இல்லை அது சரி என்பதாலா. தெரியவில்லை. தேதி போனது மட்டும் உறுதி.

20-2, வியாழன்

டேப்: முழுக் குறிப்பும் படித்தேன். எதுவும் விடுபடவில்லை. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று.

பதினொரு மணி. மார்ட்டின்.

கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஒரு நாள் பதில் எழுதாமல் இருந்தது அதனால்தானாம். விடுப்பை மார்ச் கடைசிக்குத் தள்ளிக் கேட்டிருக்கிறான். ஐந்து நாள்தான் தருவார்களாம். அவன் அம்மா வர முடியாது. அப்போது அவன் தங்கைக்குப் பிரசவம். மூன்று முறை படித்தேன். அம்மா வர முடியாது. இது நான் செய்தது.

கடைசிப் பத்தி, அவன் எழுதியபடி: அம்மா உன் வீட்டாருக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாள், எங்கே அனுப்புவது என்று கேட்கிறாள். மூன்று வருடமாக ஆலை விலாசத்துக்கே எழுதி வந்திருக்கிறேன், இன்றுதான் கவனித்தேன். உன் வீட்டு விலாசம் என்ன?

எழுதினேன். அப்பா பெயர், புதுக் கதவு எண், மடவார் வளாகம். நாலு மணிக்குப் போகும்.

இன்று பலகை பார்க்கப் போகவில்லை. அப்பா பார்த்திருப்பார்.