மூன்று பாட்டிலும் ஒரு சிவப்பு அட்டையும்

அன்புள்ள மூத்தவளுக்கு அம்மா எழுதுவது,

நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் வேண்டுதல். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரமாட்டேன் என்கிறது. உன் தங்கை ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு நேற்று மதியம்தான் வீட்டுக்கு வந்தாள். பதறாதே, காய்ச்சல் விட்டுவிட்டது, கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அப்பாவின் வாயை நான்தான் கட்டிவைத்தேன். போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், எனக்கும் அழுகை வந்து சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. திட்டுவதற்காகத்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து முழுதும் வாசி.

போன மாதம் ஒரு பார்சல் அனுப்பினாயே, மூன்று பாட்டில் மாத்திரையும் ஒரு டப்பா வெள்ளைப் பொடியும். என்னடி இது என்று சின்னவளைக் கேட்டதற்கு, தலைமுடி கொட்டாமலிருக்க அக்கா அனுப்பியிருக்கா என்றாள். நானும் நம்பினேன். உன் அப்பா அதற்கும் மேல், பொடியைத் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு இனிப்பாக இருக்கிறது என்று ஒரு வாரம் டீயில் போட்டுக் குடித்திருக்கிறார். அவருக்கு முடியும் வளரவில்லை, புத்தியும் வளரவில்லை. அது நீர்க்கடுப்புக்கு என்று எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டபோது. பெற்றவள் நான் குத்துக்கல் மாதிரி இங்கே இருக்கிறேன், அவள் எரிச்சல் என்று அழுதது எங்கோ இருக்கிற உன்னிடம். நீயும் பெரிய வைத்தியர் மாதிரி, இது ஏதோ பழச்சாற்றில் செய்தது, இயற்கை, பக்கவிளைவே கிடையாது, டாக்டர்கிட்ட போனா ஆன்டிபயாடிக் கொடுத்து உடம்பைக் கெடுத்துடுவாங்க, லீவு போடாதே, அம்மாகிட்ட மூச்சு விடாதே என்று சொல்லியிருக்கிறாய். எந்தக் காலேஜில் படித்தாய் நீ இதை? அவள் இரண்டு வாரம் காலையும் இரவும் விழுங்கியிருக்கிறாள். எரிச்சல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்ததாம், பிறகு இடுப்புக்கு மேலே முதுகில் வலி வந்ததாம், அதற்கும் உன்னைத்தான் கேட்டிருக்கிறாள். இன்னும் ஒன்று சேர்த்துப் போடு என்றாயாமே.

அன்று மதியம் எங்கள் தையல் கம்பெனியில் நான் சூப்பர்வைசராக நிற்கிற லைனில், என் கண் முன்னாலேயே மிஷினை விட்டு எழுந்த சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டார்கெட்டுக்கு இன்னும் எண்பது சட்டைக் கை பாக்கி. நான் என்ன சொன்னேன் தெரியுமா, எல்லார் முன்னாலும், நடிக்காதே எழுந்திரு என்றேன். கையைப் பிடித்துத் தூக்கப் போனபோதுதான் உடம்பு கொதிப்பது தெரிந்தது, பல் கிட்டிப்போய் வெடவெடவென்று நடுங்குகிறாள். பக்கத்து மிஷின்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள், சாகிற வரைக்கும் அது எனக்கு மறக்காது.

டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும், ஆனால் வாய் என்னைப் போல. கிருமி மேலே ஏறி கிட்னி வரைக்கும் போய்விட்டது, இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் ரத்தத்திலும் கலந்திருக்கும் என்றாள். பாட்டிலைக் காட்டினோம். அடிக்கடி இப்படி வர்றவங்களில் சிலருக்கு, மறுபடி வராம இருக்க இது கொஞ்சம் உதவலாம், ஆனா வந்து உட்கார்ந்துட்ட கிருமியை இது விரட்டாது, இதை நம்பி டெஸ்ட் பண்ணாம இருந்தீங்க பாருங்க அதுதான் தப்பு என்றாள். பாட்டில் அட்டையில் இலையும் பழமும் படம் போட்டுப் பளபளவென்று இருக்கிறது, அடியில் எறும்பு மாதிரி எழுத்து. சின்னவளையே வாசிக்கச் சொன்னேன். எந்த நோயையும் குணமாக்குவதற்கு அல்ல என்று போட்டிருக்கிறதாம். விற்கிறவனே கையைக் கழுவிவிட்டான், நீ எதைக் கண்டு சத்தியம் செய்தாய்? இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் நீ எதிரில் இருந்திருந்தால் கன்னம் பழுத்திருக்கும்.

சரி, அம்மாவிடம் ஏன் மறைத்தாய் என்று சின்னவளைக் கேட்டேன். முதலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு, உன் கழுத்திலதானேம்மா அந்த அட்டை தொங்குது என்றாள். உனக்குத் தெரியும், எங்கள் லைனில் நாற்பது பேருக்கு ஒரே ஒரு சிவப்பு அட்டை. அதை வாங்கிக்கொண்டு போனால்தான் ஒன்றுக்குப் போக முடியும், அது திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். சூப்பர்வைசர் மகள் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்று, அவள் கை நீட்டினால் நான் கடைசியில்தான் கொடுப்பேன். சில நாள் கொடுக்கவே மாட்டேன், சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது, பொறு என்பேன். நியாயமாக நடக்கிறேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். அவள் கேட்பதையே விட்டுவிட்டாள், பிறகு தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிட்டாள். எட்டு மணி நேரம் ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் தைத்திருக்கிறாள், நான் அவள் தலைக்கு மேலே நின்று தையல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். உன்னைத் திட்டுகிற வாயால் என்னையும் திட்டிக்கொள்கிறேன், போதுமா.

இன்று காலை வேலைக்குப் போனதும் கயிற்றை அறுத்து அந்த அட்டையைக் கழிவறைக் கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டேன். என்னிடம் யாரும் கேட்க வேண்டாம், வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். மேனேஜர் கூப்பிட்டு, பீஸ் குறைந்தால் யார் பதில் சொல்வது என்று குதித்தார். நான் சொல்கிறேன், பிடிக்காவிட்டால் என்னை மறுபடி மிஷினில் உட்கார வையுங்கள், தைக்க மறந்துவிடவில்லை என்றேன். என்ன செய்வார் என்று திங்கட்கிழமை தெரியும்.

இனிமேல்தான் நான் எழுத வந்ததே. எத்தனை மாத்திரை சாப்பிட்டாள் என்று டாக்டரம்மா கேட்டதால் பாட்டில்களைக் கட்டிலில் கொட்டி எண்ணினோம். சின்னவள் இரண்டைத்தான் தொட்டிருக்கிறாள், மூன்றாவதைத் திறக்கவேயில்லை. ஆனால் அதில் சீல் இல்லை, மாத்திரையும் பாதிதான் இருக்கிறது. அவள் மெதுவாக, அக்கா தான் சாப்பிடறதை எடுத்து அனுப்பியிருக்காம்மா என்றாள். உனக்குக் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிற வேலை, மாற்றி விட ஆள் வந்தால்தான் எழுந்திருக்க முடியும் என்று ஒரு தடவை சொன்னாய். பொறுப்பான வேலை என்று நான் பெருமைப்பட்டேன். எத்தனை நாளாக உனக்கு எரிச்சல்? முதுகு வலிக்கிறதா? காய்ச்சல் உண்டா? ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாயில்லை. பள்ளிக்கூடக் கழிவறை நாறுகிறது என்று நீ ஆறு வயதில் அழுதபோது, காலையில் உன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி வைத்துவிட்டு, அடக்கிக்கொண்டிரு, நல்ல பிள்ளை வீட்டுக்கு வந்துதான் போகும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். இரண்டு பேருமே நல்ல பிள்ளைகளாகத்தான் வளர்ந்து தொலைத்தீர்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே டாக்டரிடம் போ. மாத்திரை சாப்பிடுவதை மறைக்காமல் சொல், டெஸ்ட் எடு, எழுதிக்கொடுத்த மருந்தை எரிச்சல் நின்றதும் நிறுத்தாமல் முழுதும் சாப்பிடு. கூண்டில் வரிசை எவ்வளவு நீளமாக நின்றாலும், ஒன்றுக்கு வந்தால் கதவைப் பூட்டிவிட்டு எழுந்து போ. கத்துகிறவன் கத்தட்டும், என் அம்மா சொல்லியிருக்கிறாள் என்று சொல். டெஸ்ட் காகிதத்தைப் படம் எடுத்து அப்பாவின் போனுக்கு அனுப்பு, வாயால் சொன்னால் நம்பமாட்டேன். நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. உன் பாதி பாட்டிலை நான் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன், அதைப் பார்க்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. சீக்கிரம் போடி.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அம்மா.