முதல் பெயர் இல்லாத மனு

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று காலை வாளித் தண்ணீர் லேசாக நீலமாக இருந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன். பயப்படாதே, நான் நலம். நின்று நின்று கால்தான் வீங்குகிறது. உன் முழங்கால் வலி தேவலையா?

பட்டறையின் சாயக்கழிவு எங்கள் விடுதிக் கிணற்றில் இறங்கிவிட்டது. முதலாளிக்கு மனு எழுத உட்கார்ந்த அக்காக்கள் சண்டைதான் போட்டார்கள்.

"மண்ணும் தண்ணியும் செத்தா அப்புறம் என்ன இருக்கு? அதை முதல்ல எழுது" என்றாள் சாயம் கலக்கும் அக்கா.

"பொம்பளைங்க குளிக்கிற அறைக்குத் தாழ்ப்பாளே இல்ல. பெண்ணுரிமைதான் முதல்ல" என்றாள் தையல் அக்கா.

புத்தகப்புழு அக்காவுக்கு அரசும் வேண்டாம், தலைவியும் வேண்டாம்.

"உன் அரசில்லா ஊர்ல பாத்திரம் யாருடி கழுவுவா?" என்று அவளைச் சீண்டினாள் தையல் அக்கா.

"முறை வச்சுக் கழுவுவோம். நேத்து உன் முறை, கழுவலியே!"

கடைசியில் தண்ணீர், தாழ்ப்பாள் இரண்டையும் எழுதினார்கள். போன வருடம் மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவளுக்கு வேலை போயிற்று. அதனால் புத்தகப்புழு அக்கா மனுவின் அடியில் சோற்றுத்தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்தாள். அதைச் சுற்றிக் கையெழுத்துப் போட்டால் யார் முதல் என்று தெரியாது. பதினேழு பேர் போட்டபின் ஓர் இடம் காலி.

"பயமா இருந்தா விட்டுடு பாப்பா, ஒண்ணும் நினைக்க மாட்டோம்" என்றாள் என்னிடம் புத்தகப்புழு அக்கா.

தலை குனிந்து வேலை பார் என்று நீ சொல்லி அனுப்பியதை நினைத்துக்கொண்டேன்.

உன் பழைய நூல்புடவை ஒன்று அனுப்பு, போர்த்திக்கொள்ள. துவைக்காமல் அனுப்பு.

வேலைக்கு மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். பேனாவை வாங்கி, காலி இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன், அம்மா.